மலையகத்தில் ஒரு ஜப்பானிய உணவகம்: பெயரிலிருந்து பெயர்ப்பலகை வரை அடையாளத்தை வடிவமைக்கும் முறை

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, எல்ல பக்கம் புதிதாக ஜப்பானிய உணவகம் திறப்பவருக்கும் அதற்கு அடையாளம் வடிவமைப்பவருக்கும் இந்த வழிகாட்டி. புதியவர்கள் பெரும்பாலும் இலச்சினையில்தான் தொடங்குகிறார்கள். உண்மையில் அது ஐந்தாவது படி. சமையலறை, பெயர், எழுத்து ஆகிய மூன்றும் முடிவாகுமுன் வரைந்த இலச்சினையைப் பின்னால் மாற்றத்தான் வேண்டிவரும். அது மாறினால் மெனு, பலகை, பெட்டி எல்லாவற்றையும் திரும்ப அச்சடிக்கவேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் சமையல்காரர் எழுதிய உணவுப் பட்டியலைக் கேளுங்கள். கடை முதலாளியின் ஆசைப் பட்டியல் வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு நிச்சயமாகச் சமைக்கப்போகும் பட்டியல், உத்தேச விலையோடு வேண்டும்.

இரண்டாவது, கடை முகப்பின் அளவு மில்லிமீற்றரில், கூடவே மூன்று படங்கள்: காலை வெயிலில் ஒன்று, விளக்கேற்றும் நேரத்தில் ஒன்று, பனிமூட்டம் இறங்கியபோது ஒன்று. மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் பலகையை வாடிக்கையாளர் பார்க்கும் நேரத்தில் பாதி அந்த மூட்டத்துக்குள்தான்.

மூன்றாவது, சரிபார்க்க ஆட்கள். சிங்களத்தையும் தமிழையும் தாய்மொழியாக வாசிப்பவர் ஒவ்வொருவர், ஜப்பானிய மொழியை நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர். களனி, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. அங்கு படித்தவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி ஓர் எழுத்தைக்கூடப் பலகையில் ஏற்றவேண்டாம்.

நான்காவது, அச்சகத்திலும் பலகை செய்யும் இடத்திலும் என்னென்ன இயந்திரம் இருக்கிறது, எந்த மென்பொருளில் கோப்பு கேட்கிறார்கள் என்ற விபரம். உங்கள் ஊரில் செய்யமுடியாத வேலையை வரைந்துகொடுத்தால், கொழும்புக்கு அனுப்பும் செலவு முதலாளியின் தலையில் விழும்.

திறப்பு நாளுக்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். ஏப்ரல் வசந்த காலத்துக்குத் திறக்கும் கடையென்றால் ஜனவரி இறுதி கடைசி எல்லை.

2. என்ன கடை என்பதை ஒரே வரியில் எழுதுதல்

‘ஜப்பானிய உணவகம்’ என்பது போதாது. சாற்றில் நூடில்ஸ் தரும் ரமென் கடை, தடித்த கோதுமை நூடில்ஸ் தரும் உடோன் கடை, சாப்பாட்டுத் தட்டு தரும் தெய்ஷொகு கடை, மாலையில் சிறுதட்டுகளோடு உட்காரும் இசகாயா, சுஷி மேசை என்று ஜப்பானில் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. வாசல், எழுத்து, வெளிச்சம், விலை எழுதும் விதம் எல்லாம் வேறு. எந்த முகம் என்பதைத் தெரிவுசெய்யாமல் வரைந்தால், விமான நிலைய உணவு அரங்கின் கடை போன்ற பொதுத் தோற்றம்தான் வரும்.

இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி. மீன் கடற்கரையிலிருந்து மலையேறி வரவேண்டும். பச்சை மீனை நாள்தோறும் நம்பிக்கையோடு பரிமாற முடியாத கடை, இலச்சினையில் மீனையோ சுஷித் துண்டையோ வைத்தால், வாடிக்கையாளர் கேட்கும் முதல் உணவே ‘இன்றைக்கு இல்லை’ ஆகிவிடும். குளிருக்கு இதமான சூடான கிண்ணங்கள், ஜப்பானியக் கறி, தணலில் சுட்டவை, நுவரெலியா கரட்டிலும் லீக்ஸிலும் மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா ஆகியவை மலையகத்துக்கு இயல்பாகப் பொருந்தும். என் கணிப்பில், சுஷியை மெனுவின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு சூட்டை அடையாளமாக்குவதே இங்கு சரியான வழி.

ஒரு வரி இப்படி இருக்கலாம்: ‘குளிரில் வருபவருக்குச் சூடான கிண்ணம் தரும், மலைக் காய்கறியில் சமைக்கும் ஜப்பானியக் கடை.’ இந்த வரியை முதலாளியும் சமையல்காரரும் கையொப்பமிடாத குறையாக ஒப்புக்கொள்ளவேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு சண்டையையும் தீர்ப்பது இந்த வரிதான்.

3. பெயர்: மூன்று மொழி வாயிலும் போட்டுப் பார்த்தல்

பெயர் இரண்டு அல்லது மூன்று அசை நீளத்தில் இருந்தால் நல்லது. பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரவேண்டும். ஜப்பானிய எழுத்தும் சேர்ந்தால் நான்கு. நீளமான பெயர் நான்கு தடவை எழுதப்படும்போது பலகையில் வெற்றிடமே மிஞ்சாது.

பெயரைத் தெரிவுசெய்யும்போது இந்த ஒழுங்கில் சோதியுங்கள்.

முதலில் காது. பெயரைச் சிங்களம் பேசும் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள்; அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். மலைநாட்டில் ‘கிரி’ என்ற பெயர் பலருக்கும் தோன்றும், ஜப்பானியத்தில் அது மூடுபனி. ஆனால் சிங்களத்தில் அது பால். பால்கடை, தயிர்க்கடை என்றுதான் முச்சக்கரவண்டிக்காரர் ஆளைக் கொண்டுவந்து இறக்குவார். ‘குமோ’ முகிலையும் குறிக்கும், சிலந்தியையும் குறிக்கும். எந்தச் சித்திர எழுத்தில் எழுதுகிறோம் என்பதுதான் பொருளைப் பிரிக்கிறது. ஜப்பானியப் பயணி வந்து பார்க்கும்போது பலகையில் சிலந்தி இருக்கக்கூடாது.

அடுத்து எழுத்து. தமிழில் க, ட, த, ப எழுத்துகள் வல்லொலியையும் மெல்லொலியையும் பிரித்துக் காட்டாது. ‘ஸெட்’ ஒலிக்கு எழுத்தே இல்லை. ஆங்கிலத்தில் அழகாகத் தெரியும் பெயர் தமிழில் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டால், ஹட்டனில் ஒரு பெயரும் கண்டியில் ஒரு பெயரும் வழங்கும். ம, ந, ர, ல, ய, ஹ ஒலிகளில் அமைந்த பெயர் மூன்று மொழியிலும் ஒரே மாதிரி நிற்கும்.

மூன்றாவது சட்டம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியே பதிவது ஒரு வேலை, வர்த்தகக் குறியைப் பதிவது வேறு வேலை. பலர் முதலாவதை முடித்துவிட்டுப் பெயர் தங்களுக்குச் சொந்தமாகிவிட்டதென்று இருந்துவிடுகிறார்கள். வர்த்தகக் குறிக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். உணவகச் சேவை 43ஆம் வகுப்பில் வரும். சோஸ், தேயிலை போன்றவற்றைப் போத்தலில், பொதியில் விற்கும் எண்ணம் இருந்தால் 30ஆம் வகுப்பும் தேவை. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இலச்சினை வரையத் தொடங்குமுன் ஒத்த பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘ரமென்’, ‘சுஷி’ போன்ற பொதுச்சொல்லை மட்டும் வைத்து உரிமை கோரமுடியாது.

4. எழுத்து: இலச்சினைக்கு முன் தீர்க்கவேண்டிய சிக்கல்

மலையகத்தில் இந்த வேலை பெரும்பாலும் உடைவது இங்கேதான், ஆகவே நேரம் கொடுங்கள்.

ஆங்கில எழுத்தைத் தூரிகைக் கீற்றுப்போல் வளைத்து ‘கிழக்கத்தியம்’ காட்டும் எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். ஜப்பானில் எந்த நல்ல கடையும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அவை சீன உணவுப் பொதியைத்தான் நினைவூட்டும். நிதானமான, தடிப்பு அதிகம் மாறாத எழுத்தே இன்றைய ஜப்பானியக் கடைக்குப் பொருந்தும்.

ஜப்பானிய எழுத்துக்கு ஜப்பானிய எழுத்துருவையே பயன்படுத்துங்கள். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் பல சித்திர எழுத்துகளுக்குச் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் ஒரே குறியெண். உருவத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு. உங்கள் கணினி தானாகவே சீன எழுத்துருவை எடுத்துக்கொண்டால், எலும்பு, நேர் போன்ற சொற்களின் எழுத்தில் கோடு இடம் மாறியிருக்கும். நமக்குத் தெரியாது, ஜப்பானியர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப் குடும்பங்களின் ஜப்பானியப் பதிப்பு, ஷிப்போரி மின்ச்சோ ஆகியவை இலவசமாகவும் வர்த்தகப் பயன்பாட்டு அனுமதியோடும் கிடைக்கின்றன.

மேலிருந்து கீழாக எழுதினால் வரிகள் வலமிருந்து இடமாக நகரும். கடகனா என்ற ஜப்பானிய அசையெழுத்தில் நெடில் ஒலியைக் காட்டும் படுக்கைக் கோடு அப்போது நிமிர்ந்து நிற்கவேண்டும். ரமென் என்ற சொல்லிலேயே அந்தக் கோடு இருக்கிறது. அதைப் படுக்கவிட்டு வெட்டிய பலகையைத் திருத்தமுடியாது, புதிதாகத்தான் செய்யவேண்டும்.

தமிழை ஜப்பானியம்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவேண்டாம். ‘கோ’வை இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்று தட்டில் பிரித்துப் போட்ட பலகை வாசிக்கவே முடியாது. ஜப்பானியம் நிமிர்ந்து ஓடட்டும், தமிழும் சிங்களமும் அதன் பக்கத்தில் படுக்கையாக ஓடட்டும். அளவிலும் கவனம் வேண்டும்: ஒரே புள்ளி அளவு கொடுத்தால் மூன்றும் சமமாகத் தெரியாது. தமிழ் ‘ப’வின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எக்ஸ்’ உயரத்துக்கும் பேரெழுத்து உயரத்துக்கும் நடுவில் நிற்குமாறு கண்ணால் பொருத்துங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளி எழுத்தளவின் 1.5 மடங்குக்குக் குறையக்கூடாது.

இனி அச்சகத்துப் பிரச்சினை. நம்மூர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் வகை எழுத்துருக்கள்தான். அவை யூனிகோடு அல்ல. நீங்கள் யூனிகோடில் அனுப்பிய மெனுவை அங்கே திறந்தால் கட்டங்கள் தெரியும். யாராவது திரும்பத் தட்டச்சு செய்வார்கள். லகர ளகரம் இடம் மாறும். வடிவமைப்பு மென்பொருளிலும் தெற்காசிய மொழிகளுக்கான பந்தி அமைப்பை இயக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே அச்சுக்குப் போகும் கோப்பில் எல்லா எழுத்தையும் வளைகோடுகளாக மாற்றி அனுப்புங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பை உங்களிடம் தனியாக வைத்திருங்கள்.

5. இலச்சினை வரைதல்

இப்போதுதான் பென்சிலை எடுக்கவேண்டும்.

தவிர்க்கவேண்டியவை சில. பதினாறு இதழ்ச் செவ்வந்தி ஜப்பானிய அரச குடும்பத்தின் சின்னம், தொடாதீர்கள். கதிர்கள் விரியும் சூரியன் போர்க்காலப் படைக் கொடியை நினைவூட்டும். எல்லவுக்கு வரும் கொரிய, சீனப் பயணிகளைப் புண்படுத்தும். சிவப்புத் தோரி வாயில் ஷின்டோ ஆலயத்தின் வாசல். அதை உணவகத்துக்கு வைப்பது கோபுரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கடைக்கு நிறுத்துவது போலத்தான். சோற்றில் குத்தி நிற்கும் குச்சிகள் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றைக் குறிக்கும். குச்சிகளை வரைவதானால் கிண்ணத்துக்கு முன்னால் படுக்கையாக, முனை இடப்பக்கம் இருக்க வரையுங்கள்.

கிமோனோ அணிந்த உருவம் வரைந்தால், அணிந்தவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இந்தப் பிழை பெரும்பாலும் வரைவதில் நேர்வதில்லை. பக்கத்துக்கு ஏற்றவாறு படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போடும்போது நேர்கிறது. உணவுப் படத்தைத் திருப்பினாலும் சோறு இடம், சூப் வலம் என்ற ஒழுங்கு குலைந்துவிடும். படங்களைத் திருப்புவதில்லை என்று ஒரு விதியே வைத்துவிடுங்கள்.

நல்ல தொடக்கப் புள்ளி ‘கமோன்’ என்ற ஜப்பானியக் குடும்பச் சின்ன மரபு. ஒரு செடி அல்லது பொருளை எளிய வடிவமாக்கி, பெரும்பாலும் வட்டத்துக்குள், ஒரே நிறத்தில் வரைவார்கள். இருக்கும் ஒரு குடும்பத்தின் சின்னத்தை எடுக்காமல், அதே இலக்கணத்தில் புதிதாக அமையுங்கள். குறுக்கே வெட்டிய தாமரைக் கிழங்கு அருமையான வடிவம்: ஜப்பானிலும் சமைக்கிறார்கள், இலங்கையிலும் சமைக்கிறோம். குறுக்கே வெட்டிய லீக்ஸின் வளையங்களும் அப்படியே. மூடுபனியைக் காட்ட, முனை மழுங்கிய படுக்கைப் பட்டைகளை அடுக்கும் ‘கசுமி’ என்ற பழைய வடிவம் இருக்கிறது. நம் மலைகளுக்கு அது வேண்டுமென்றே செய்தது போல் பொருந்தும்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டாம். தேயிலைக் கம்பனிகளும் விடுதிகளும் அதை ஏற்கெனவே நிரப்பிவிட்டன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தையும் அலங்காரமாக எடுக்காதீர்கள். சமைக்கும் உணவோடு அதற்குத் தொடர்பில்லை. அந்த வேலையில் கை தேய்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் உங்கள் கடையில் பரிமாறுவார்கள், விடுமுறைக்குத் தாய் தகப்பனைச் சாப்பிடவும் கூட்டிவருவார்கள். அவர்கள் சுவரில் தங்கள் வறுமையைப் படமாகப் பார்க்கவேண்டியதில்லை.

வரைந்ததும் மூன்று சோதனை. 15 மில்லிமீற்றர் அகலத்தில் அச்சடித்துப் பாருங்கள். நிறமில்லாமல் கறுப்பில் மட்டும் பாருங்கள். கடைசியாக, பற்றுச்சீட்டு அச்சுப்பொறியில் ஓட்டுங்கள். 80 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு 8 புள்ளி, ஆக 576 புள்ளிதான். 0.25 மில்லிமீற்றருக்கு மெல்லிய கோடு இரண்டு புள்ளிக்கும் குறைந்து, சூட்டுத் தாளில் அறுந்து அறுந்து வரும். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகும் இலச்சினை பெரும்பாலும் இந்தச் சீட்டில் உள்ளதுதான். அங்கே தெளிவாக வரும்வரை கோட்டைத் தடிப்பாக்குங்கள்.

6. நிறம்

மூன்று நிறம் போதும்: ஒரு அடர்நிறம், ஒரு காகித நிறம், ஒரு சிறு அழுத்த நிறம். அவுரி நீலம், பழுப்பேறிய வெள்ளை, செங்காவிச் சிவப்பு நல்ல கூட்டணி. சிவப்பைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள். கூடினால் துரித உணவுக் கடையாகிவிடும்.

அவுரி நீலம் திரையில் அழகாக இருந்து அச்சில் கத்தரிப்பூ நிறமாக வருவது வழக்கமான முறைப்பாடு. காரணம், மெஜந்தா மையின் விகிதம் சயான் (நீல) மையின் விகிதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவது. இரண்டுக்கும் குறைந்தது 30 வித்தியாசம் வையுங்கள்: சயான் 100, மெஜந்தா 70, மஞ்சள் 30, கறுப்பு 40 என்று தொடங்கி, அதே அச்சகத்தில், அதே தாளில் மாதிரி எடுத்துத் திருத்துங்கள். சிறிய எழுத்துகளைக் கறுப்பு 100இல் மட்டும் போடுங்கள். நான்கு மையும் சேர்ந்தால் தகடு சற்று விலகினாலும் எழுத்தின் ஓரம் மங்கும்.

ஓர் எச்சரிக்கை. தெருவோரம் வெள்ளைத் துணி தொங்கினால் இலங்கையில் மரண வீடு என்று பொருள். ஜப்பானிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைத் திரை சாவு வீட்டுக்குரியது. ‘எளிமை’ என்று நினைத்து வெள்ளைத் துணியும் கறுப்பு எழுத்துமாக வாசலை அமைத்தால் இரண்டு நாட்டுக்காரரும் தயங்கி நிற்பார்கள்.

7. மெனு: அடையாளம் வேலை செய்யும் இடம்

மேலட்டையும் உள்தாளும் தனித்தனியாக இருக்கட்டும். நோரி (கடற்பாசித் தாள்), மிரின் (இனிப்பு அரிசி மது), அரிசி வினாகிரி எல்லாம் இறக்குமதி. ரூபாயின் பெறுமதி அசைந்தால் விலை அசையும். 300 கிராம் அட்டையில் மேலுறை, உள்ளே மாற்றக்கூடிய 120 கிராம் தாள் என்று வைத்தால் விலை மாறும்போது தாள் மட்டும் மாறும். விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டிய மெனு, எவ்வளவு நல்ல வடிவமைப்பையும் கொன்றுவிடும்.

அட்டைக்கு மற் லெமினேசன் இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால், இங்குள்ள ஈரக்காற்றை மறுபக்கம் உறிஞ்சி, கொஞ்ச நாளில் அட்டை சுருண்டு நிற்கும்.

உணவுப் பெயரின் கீழ், என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரே வரியில் நாளாந்தத் தமிழில் எழுதுங்கள். ‘கட்சு கறி: பாண் தூளில் பொரித்த கோழி, கெட்டியான கறி, சோறு. உறைப்புக் குறைவு, இலேசான இனிப்பு.’ ‘கியோசா: கோதுமை மா உறையில் கோவாவும் கோழியும், ஒரு பக்கம் மட்டும் முறுகச் சுட்டது.’ கறி என்றதும் நம்மவர் உறைப்பை எதிர்பார்ப்பார். அந்த வரி இல்லாவிட்டால் தட்டு திரும்பி வரும். ‘நாவூறும்’, ‘அற்புதமான’ போன்ற அடைமொழிகளுக்கு இடமில்லை, தேவையும் இல்லை.

குறியீடுகளில்தான் நேர்மை தெரியும். புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் பார்ப்பதற்குச் சைவம். ஆனால் அதன் அடிச்சாறான தாஷி பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுப்பது. அது சூரை மீன், நம் மாசியைப் போலவே காயவைத்தது. செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவருக்குச் சைவத்துக்கான பச்சைப் புள்ளி போட்டு அதைக் கொடுப்பது பெரிய தவறு. கொம்பு கடற்பாசியும் ஷீடாகே காளானும் கொண்டு எடுத்த தாஷிக்கு மட்டுமே பச்சைப் புள்ளி. தெம்புராவின் தொடுசாறையும் உடோன் சாற்றையும் மறக்காமல் சோதியுங்கள், அவற்றிலும் அதே தாஷிதான்.

பன்றி இறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் தனித்தனிக் குறி. மிரினிலும் சாக்கே என்ற அரிசி மதுவிலும் மதுசாரம் உண்டு. சாதாரண தெரியாகி சோஸில்கூட அவை சேரும். அதற்கும் ஒரு குறி வையுங்கள், முஸ்லிம் வாடிக்கையாளர் பணியாளரைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டி வராது. சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரையைப் போடக்கூடாது. சோயா சோஸில் கோதுமை உண்டு என்பதும் ஒவ்வாமைக் குறிப்பில் வரவேண்டும்.

எழுத்தளவு தமிழிலும் சிங்களத்திலும் 10 புள்ளிக்குக் கீழே வேண்டாம். இசகாயா வெளிச்சம் மங்கலானால் 11. சேவைக் கட்டணமும் வரியும் விலையில் சேர்ந்ததா இல்லையா என்பதை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதுங்கள்.

8. பெயர்ப்பலகையும் நோரனும்

எழுத்துயரத்துக்கு எளிய கணக்கு: வசதியாக வாசிக்க, 3 மீற்றர் தூரத்துக்கு 25 மில்லிமீற்றர். 30 மீற்றருக்கு அப்பால் வளைவில் வரும் வாகனத்திலிருந்து தெரியவேண்டுமென்றால் 250 மில்லிமீற்றர். மூட்டம் இறங்கும் ஊரில் இன்னும் கூட்டுங்கள், அல்லது எழுத்துக்கே வெளிச்சம் கொடுங்கள். வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின் வரையான இளமஞ்சள். நீலம் கலந்த வெள்ளை விளக்கு மருந்தகத்துக்கு ஏற்றது. வெளியே பொருத்தும் எல்ஈடியும் மின்மாற்றியும் தூசும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரத்துக்குக் குறையக்கூடாது.

மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வெளியே பயன்படுத்தவேண்டாம். ஓரத்தில் தண்ணீர் ஏறி ஊதிவிடும். பவுடர் பூச்சுள்ள அலுமினியம், அல்லது தேக்கு, பலா மரம் ஆண்டுக்கொரு தடவை எண்ணெய் பூசி. சுவருக்கும் பலகைக்கும் நடுவே 20 மில்லிமீற்றர் விட்டுப் பொருத்துங்கள், பின்பக்கம் காயாவிட்டால் பாசி பிடிக்கும். ஆணி விடயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 304 தரத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி கேளுங்கள். சாதாரண இரும்பாணியின் தலையிலிருந்து முதல் மழைக்காலத்திலேயே பழுப்புக் கோடு ஒன்று எழுத்தின்மேல் வழியும். அதைத் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவம் மே மாதம் தொடங்குவதால் பலகை வேலையை அதற்கு முன் முடியுங்கள். ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளையில் ஒக்டோபருக்கு முன். பொருத்துமுன் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி எடுங்கள். மொழிகளின் ஒழுங்கு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று இருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஜப்பானிய எழுத்து ஓர் ஓரத்தில் அடையாளமாக நிற்கட்டும், பெயரைச் சொல்லும் வேலையை அதன்மேல் சுமத்தாதீர்கள்.

நோரன் என்பது வாசலில் தொங்கும் பிளவுபட்ட துணித் திரை. கடை திறந்ததும் தொங்கவிட்டு, மூடும்போது உள்ளே எடுப்பார்கள். இரவிலும் தொங்கினால் அதன் வேலையே போச்சு. முழு அளவு நோரனின் வழக்கமான நீளம் சுமார் 113 சென்ரிமீற்றர். தாழ்ந்த வாசலுக்குப் பாதி அளவு போதும். சின்னம் பிளவின்மேல் விழாமல் ஒரு துண்டுக்குள் அடங்கவேண்டும். துணியில் அச்சிடும்போது 1 மில்லிமீற்றருக்கு மெல்லிய கோடு வைக்காதீர்கள், மை பரவி அடைந்துவிடும். தனிப் பருத்தி இங்கே பூஞ்சை பிடிக்கும். கலப்புத் துணியில் இரண்டு தொகுதி தைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊவாவின் காற்றுக் காலத்துக்கு அடிமடிப்பில் சிறு எடை தைக்கவேண்டும்.

9. பொதியும் சீருடையும்

ரெஜிபோம் பெட்டியும் லன்ச் ஷீட்டும் 2017இலேயே தடைசெய்யப்பட்டவை. கிராஃப்ட் அட்டைப் பெட்டியை வெறுமையாக வாங்கி, இறப்பர் முத்திரையால் சின்னத்தைக் குத்துங்கள். சிவப்பு மையில் குத்திய முத்திரை ஜப்பானியத் தோற்றத்துக்கும் பொருந்தும், ஆயிரக்கணக்கில் அச்சடித்து முடங்கும் பணமும் மிஞ்சும். ரமென் பொதியில் சாறும் நூடில்ஸும் வெவ்வேறு கிண்ணம். ‘வீட்டில் சாற்றைக் கொதிக்கவைத்து ஊற்றவும்’ என்று மூன்று மொழியில் ஒரு சிட்டை.

சீருடைக்குக் கிமோனோ வேண்டாம், மாடிப்படி ஏறி இறங்கும் பணியாளருக்கு அது தொல்லை. இரவில் குளிரும் ஊர். சமுவே போன்ற முன்மடிப்புச் சட்டை, உள்ளே கைநீளப் பனியன், மேலே அவுரி நீல மேலங்கி. தையல் எழுத்து 5 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறைந்தால் நூல் முடிச்சாகத்தான் தெரியும்.

10. ஒப்படைத்தலும் முதல் மாதமும்

முதலாளிக்குக் கொடுக்கவேண்டிய கோப்புகள்: வளைகோடாக்கிய பிடிஎஃப்பும் எஸ்விஜியும், பின்புலமில்லாத பிஎன்ஜி, ஒற்றை நிறப் பதிப்பு, தலைகீழ் நிறப் பதிப்பு, பற்றுச்சீட்டுக்கான 576 புள்ளி அகலக் கறுப்பு வெள்ளைக் கோப்பு. மூன்று மொழிப் பெயரையும் யூனிகோடில் தட்டச்சு செய்த ஓர் எழுத்துக் கோப்பும் சேருங்கள். கூகுள் வரைபடத்திலும் முகப்புத்தகத்திலும் பணியாளர் அதைப் பார்த்து ஒட்டினால்தான் எழுத்துக்கூட்டல் மாறாது.

விதிமுறைக் கையேடு 8 பக்கத்துக்குள் இருக்கட்டும், தமிழிலோ சிங்களத்திலோ. அறுபது பக்க ஆங்கிலக் கையேட்டை அச்சகத்தில் யாரும் திறப்பதில்லை. குறைந்தபட்ச அளவு, சுற்றிலும் விடவேண்டிய வெற்றிடம், நிற எண்கள், செய்யக்கூடாத நான்கைந்து படங்கள், இவ்வளவே.

திறந்து ஒரு மாதம் கழித்து மீண்டும் போங்கள். பணியாளரிடம் கேளுங்கள்: எந்த உணவை எல்லோரும் என்னவென்று விசாரிக்கிறார்கள்? எந்தக் குறியீடு புரியவில்லை? விசாரிக்கப்படும் உணவின் விளக்க வரியை உள்தாளில் மாற்றுங்கள். மாலை ஆறு மணிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பலகையைப் படமெடுத்து, முன்பு எடுத்த மூட்டப் படத்தோடு வைத்துப் பாருங்கள். தமிழோ சிங்களமோ மங்கலாக இருந்தால் பலகையைக் கழற்றாமல், அந்த வரிக்கு மேலே ஒரு விளக்கை மட்டும் கூட்டிப் பொருத்தலாம்.